கடைசியாகச் சொன்னவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். என் தங்கை வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், பேய் என்றாலே சிரிக்கிற ஆள். பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர், கதை கட்டத் தெரியாது. இது நடுராத்திரியில்கூட நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சரியாக 3:04-க்கு ஆரம்பித்தது.

மச்சானுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, மூன்றாம் மாடியில் கடைசி அறை. அதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி ஆறாம் நம்பர் அறையில் என் தங்கை படுத்திருந்தாள். குழந்தை பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "ஒரே ஒரு நம்பரை மாத்தணும், பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மேலே வந்திருந்தார்.

அந்த நம்பர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நோயாளி மணியை அழுத்தினால் முதலில் நர்ஸ் மேசையில் அடிக்கும். இருபது வினாடிக்குள் நர்ஸ் கவனிக்காவிட்டால் டாக்டர் அறையில் அலறும். தொட்டதற்கெல்லாம் அலறுகிறது, ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை என்று டாக்டர் புகார் கொடுத்துவிட்டார். இருபதை நூற்றெண்பது ஆக்கு என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அதாவது மூன்று நிமிடம்.

இம்மாதிரி நம்பர்களைப் படித்துக் கொடுப்பதற்கென்றே லைப்ரரி என்று ஒன்று உண்டு. புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை, யாரோ எழுதிவைத்த தயார் ப்ரோக்ராம். முதலில் செட்டிங் ஃபைலைப் பார்க்கும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் பார்க்கும். கடைசியாக, ப்ரோக்ராமைத் தொடங்கும்போது கையால் அடிப்பதைப் பார்க்கும். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால், கடைசியாகச் சொன்னவர் பேச்சுதான் எடுபடும். "நம்ம வீட்டுல உங்க தங்கச்சி மாதிரி" என்பார் மச்சான்.

3:11. ஃபைலில் 180 என்று எழுதி ப்ரோக்ராமை ஓட்டினார். திரையில் 20 என்று வந்தது. சேமிக்க மறந்துவிட்டோமோ என்று திறந்து பார்த்தார். 180 பத்திரமாக இருந்தது.

3:19. கம்ப்யூட்டரிலும் 180 என்று பதிந்தார். மறுபடியும் 20. மேசைமேல் சோதனைக்கு வைத்திருந்த மணி 'டிங்' என்று ஒரு தடவை அடித்தது. அதன் பட்டனை யாரும் தொடவில்லை. எரிச்சலில் வயரைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

3:26. தங்கை போன் செய்தாள்.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க. ஒரு மாதிரி தலை சுத்துதுங்க. வாங்களேன்."

"இதோ வந்துட்டேன்மா. ஒரு நம்பர் என் உயிரை வாங்குது."

வைத்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னும் முடியலையா? முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்."

"முடிஞ்சா உக்காந்திருப்பேனா சார்?"

3:38. கையாலேயே 180 என்று அடித்துத் தொடங்கினார். இதற்கு மேல் பேச ஆளே கிடையாது. இதுதான் கடைசிச் சொல்.

20.

மேசையை ஓங்கிக் குத்தினார். கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

'டிங்.'

வயர் தரையில்தான் கிடந்தது...

3:44. எந்த இடம் என்ன சொல்கிறது என்று லைப்ரரியிடமே கேட்கலாம். கேட்டார். பதில் வந்தது.

ஃபைல்: 180
கம்ப்யூட்டர்: 180
கையால்: 180
கண்ணாடி: 20

நாலாவது வரி... அப்படி ஒரு இடமே அந்த லைப்ரரியில் கிடையாது.

கண்ணாடி என்பது ஒரு பட்டப்பெயர். மச்சானுக்கு முன் அதே நாற்காலியில் வேலை பார்த்தவரை ஆஸ்பத்திரியே அப்படித்தான் கூப்பிடும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாராம். மச்சான் அவரைப் பார்த்ததே இல்லை.

அவர் செத்து இரண்டு வருஷம்.

"யாருய்யா நீ?" என்றார் மச்சான்.

3:48.

டிங்... டிங்... டிங்...

திரையில் ஒரு எண் சிவப்பாக மின்னியது.

ஆறு.

சரியாக இருபது வினாடி. கீழே டாக்டர் அறை மணி அலறியது.

மச்சான் படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார். தங்கைக்கு உதிரப்போக்கு. மணியை அழுத்திய கையோடு மயங்கியிருந்தாள். நர்ஸ் வேறொரு அறையில் மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்திருந்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். தங்கை பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மச்சான் பழைய பதிவுகளைத் தோண்டினார். கண்ணாடிக்காரர் நெஞ்சுவலியோடு இதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறார். ஆறாம் நம்பர் அறை. அவர் மணியை அழுத்தியது மாலை 3:48. டாக்டர் அறையில் அடித்தது 3:51. உயிர் போனது 3:55.

அன்றைய செட்டிங் 180. மேனேஜர் சொல்லி, ஒரு மாதம் முன்பு அதை எழுதியவர் கண்ணாடிக்காரரேதான்.

அவர் செத்த மறுநாள் காலை 9:02-க்கு அது 20 ஆகியிருக்கிறது.

மாற்றியவர் பெயரும் பதிவில் இருந்தது.

கண்ணாடி.