துரை வீட்டுக் கொக்கும் கூடைக் கிளியும்

பலகை எழுதிப் பிழைக்கிறவன், பெயரை எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெயரைப் படமாகப் போட்டுக் கொடுத்தால் பக்கத்தில் நின்று குறை சொல்வார்கள். தூரிகை பிடித்து அவதிப்படும் சகாக்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கேளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறத் தொடங்கியிருந்த காலம். ஹட்டனில் ரயில் ஸ்டேஷனுக்கு மேலே எனக்கு ஒரு தகரக் கொட்டில். அந்த வருஷம் துரைமார் பெயருக்குப் படம் போட்ட கையாலேயே தேயிலை பறிக்கிற ஒரு கொழுந்துக்காரியின் பெயரை அழிக்கச் சொன்னார்கள். அழிக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. அதற்கு வருகிறேன். முதலில் துரைமார்.

தாடி வைத்த குட்டி

துரைமார் கிளப்பில் ஒரு யோசனை. ஊருக்குப் போகுமுன் ஆளுக்கொரு குடும்பக் கேடயம் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டுப் போவது. அவர்கள் தேசத்தில் பழைய குடும்பங்களுக்குக் கேடயம் உண்டாம். பலர் அதில் தங்கள் பெயரையே படமாகப் போட்டுக்கொள்வார்களாம். பெயரில் மரம் இருந்தால் மரம், மணி இருந்தால் மணி. இரும்புத் தொப்பி முகத்தை மூடியிருக்கும் சண்டையில் ஆள் இன்னார் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. கிளப்பில் சமைக்கிற அப்பு சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

முதலில் வந்தவர் லாம் துரை. அவர்கள் பாஷையில் லாம் என்றால் செம்மறிக் குட்டி. கேடயத்தில் மூன்று குட்டி வேண்டும் என்றார். இந்த மலையில் செம்மறியை நான் எங்கே போய்த் தேடுவது? தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் மேய்ந்த வெள்ளாட்டைப் பார்த்துப் போட்டேன். தாடி இல்லாத ஆட்டை நான் கண்டதில்லை. மூன்றுக்கும் தாடி வைத்தேன். துரை வந்தார். வெகுநேரம் பார்த்தார். தன் மோவாயைத் தடவிக்கொண்டார். கோபமில்லை, ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஒரு முகம்.

"பெயிண்டர், இது குட்டி இல்லே. இது நம்ம மாமனார்."

கங்காணிக்கு ஆறு முகம்

துரைமார் கேடயம் மாட்டுகிற செய்தி லயம் லயமாகப் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி ஆறுமுகம் வந்து நின்றார். வீட்டு வாசலில் மாட்ட அவருக்கும் ஒன்று வேண்டுமாம். "சாமி படம் போடட்டுமா?" என்றேன். "சாமி பேர வச்சு நான் பெருமை அடிக்கிறதா? கன்னத்துல போட்டுக்கய்யா. எம் மூஞ்சியப் போடு, ஆறு தடவ," என்றார்.

போட்டேன். ஆறு தலைப்பாகை, ஆறு முறுக்கு மீசை. வேலை நன்றாகத்தான் வந்தது. நானே கொண்டுபோய் வாசலில் ஆணி அடித்தேன். உள்ளே இருந்து கங்காணி வீட்டம்மா வந்தார். அண்ணாந்து ஒவ்வொரு மீசையாகப் பார்த்தார். மனிதர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"கழட்டுங்க பெயிண்டரண்ணே. ஒரு மூஞ்சிக்குச் சோறு போட்டே எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

பட்டினிக் கொக்குகள்

ஹெரன் துரை நீண்ட கால், நீண்ட கழுத்து, எப்போதும் ஏதோ யோசனையில் நிற்கிற மனிதர். ஹெரன் என்றால் நம் கொக்குக்கு அண்ணன் முறை, சாம்பல் நிறம். கேடயத்தில் நீலத் தரை, மூன்று கொக்கு. கிளப்புக்கு ஒரு கேடயம், அவர் பங்களா வாசலுக்கு ஒன்று. அவரையே பார்த்துக்கொண்டு போட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றும் வெறும் வாயோடு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. நடுக்கொக்கின் மூக்கில் சின்னதாக ஒரு மீன் வைத்தேன். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மீனைக் கண்டுபிடித்துவிட்டார். விரலை அதன் மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ரொம்பத் தலமுறையா இதுக்கு மீன் கெடைக்கில்லே, பெயிண்டர். இன்னிக்கி நீ குடுக்க வேணாம்."

மாங்காய்க்கு மூக்கு

கொக்கு முடிகிற சமயத்தில் ஹெரன் துரையின் தோட்டத்திலேயே இன்னொரு வேலை கிடைத்தது. கொழுந்துக் கூடைகளுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும். துரை உத்தரவு என்றார் கணக்கப்பிள்ளை.

பறித்த கொழுந்தை நிறுக்கிற நேரத்தில் பெண்கள் கூடைகளை ரோட்டோரம் வரிசையாக இறக்கி வைப்பார்கள். பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் எல்லாக் கூடையும் ஒன்றுதான். கூடை மாறினால் ஒருத்தியின் கொழுந்து இன்னொருத்தி கணக்கில் ஏறும். அதனால் ஒவ்வொருத்தியும் தன் பெயரைக் கூடையில் படமாகப் போட்டிருந்தாள். பூங்காவனத்துக்குப் பூ. வேலம்மாவுக்கு வேல். நாகம்மா கூடையில் பாம்பு, அதை யாரும் மறந்தும் தொடுவதில்லை. மூக்காயி கூடையில் மூக்கு மட்டும், இவ்வளவு பெரிசு. கரியும் தாரும் ஸ்டோர்க் கதவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சமும்தான் சாயம்.

அதன்மேல் வெள்ளை அடித்து நம்பர் போடுவது என் வேலை. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். கிளியம்மா மட்டும் கொடுக்கவில்லை. புருஷன் இல்லாத பெண். அவள் கூடையில் ஒரு பச்சைக் கிளி. கிளியா அது? மாங்காய்க்குச் சிவப்பு மூக்கு ஒட்டிய மாதிரி. கூடையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"குடும்மா, நேரமாகுது," என்றேன்.

"இருபத்தேழுன்னு எவனாச்சும் கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பேனா அண்ணே? பனிக்குள்ள எனக்கு இந்த நம்பரு தெரியுமா?"

"என்னைக் கேட்காதே. கணக்கப்பிள்ளை சொன்னார்."

"அப்ப அவரு மேல எழுதுங்க."

முதுகைக் காட்டியவள்

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பர் இல்லாத கூடையை நிறுக்க முடியாதாம். வேலை இல்லை என்றால் லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. ஒரு பச்சை மாங்காய்க்காக ஒருத்தி தெருவில் நிற்பதா? எனக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நான் பங்களா வாசலில் ஏணி மேல் நின்று கொக்குக் கேடயத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்கக் கிளியம்மா படியேறி வந்தாள். கணக்கப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தார், "ஏய், ஏய்" என்று.

அவள் கேடயத்தைப் பார்த்தாள். "இது என்னாண்ணே, கொக்கு?"

"துரை பேரும்மா அது. அவங்க பாஷையில கொக்கு."

அதற்குள் சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்துவிட்டார். கிளியம்மா கும்பிட்டாள். அப்புறம் எந்தக் கொழுந்துக்காரியும் செய்யாத காரியத்தைச் செய்தாள். துரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்தார்.

"இது எம் பேருங்க தொரை," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

துரை கூடையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது என்ன? மாங்கா?"

"கிளிங்க," என்றேன். ஏன் வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. "எல்லாக் கூடையிலயும் இப்படித்தாங்க இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டேன், உங்க உத்தரவுன்னாங்க."

அவர் தன் கொக்கையும் அவள் கிளியையும் மாறி மாறிப் பார்த்து, ஒற்றைக்காலில் நிற்பது போலவே நின்றார். நம்பரைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை. கணக்கை மேல் ஆபீஸ் கந்தோருக்கு எழுதிப் போட்டாயிற்று. "நம்பர் அடியிலே போடு," என்றார் என்னிடம். "பேரு அங்கேயே இருக்கட்டும்." உள்ளே போய்விட்டார். கிளியம்மா திரும்பி, காலியான வாசலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அழித்த பூவையும் பாம்பையும் மூக்கையும் நானே திரும்பப் போட்டேன். ஆளாளுக்கு நின்று குறை சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு கூடையையும் கவிழ்த்து அடியில் நம்பர் எழுதினேன். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று, "கொழுந்து நெறஞ்ச கூடைக்கு அடியில நம்பர் இருந்தா எவன்யா பாக்குறது?" என்று என்மேல் பாய்ந்தார்.

பதில் கிளியம்மாவிடமிருந்து வந்தது.

"நீங்கதான் பாக்கணும் கணக்கப்பிள்ளை ஐயா. நல்லாப் படுத்துக்கிட்டுப் பாருங்க."

இந்த மலைநாட்டில் நான் எழுதியதிலேயே சுத்தமான எழுத்து, எவனும் இதுவரை படிக்காத அந்தக் கூடையடி நம்பர்கள்தான்.