வால் வைத்த ற

மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரவும் றவும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது கன்னடம். அதில் இன்று ஒரே ஒரு ரகரம்தான் புழங்குகிறது. தமிழை வீட்டில் சொல்லிக்கொடுத்தது அம்மா. ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில் சிலேட்டோடு உட்காரவைப்பாள். 'கறி' என்று எழுதச் சொன்னால் நான் 'கரி' என்று எழுதுவேன். "வால் எங்கடி?" என்பாள். "வாலை விட்டா சமைக்கிறது போய் அடுப்புல கிடக்கிறதுன்னு ஆயிடும்." எனக்கு எரிச்சலாக வரும். மைசூரில் இதையெல்லாம் எவர் கேட்கப்போகிறார் என்று முணுமுணுப்பேன்.

கேட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் தொல்லியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது.

ஹனூர் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் எங்கள் துறை அகழாய்வு செய்துகொண்டிருந்தது. மேட்டின் ஓரத்தில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பாதி தேய்ந்து நின்றது. ஊரார் எதற்கெல்லாம் வரி கட்ட வேண்டும் என்பதை அதில் வெட்டியிருந்தார்கள். எங்கள் பேராசிரியர் அதை முன்பே படித்து, துறை வழக்கப்படி கன்னட எழுத்தில் பெயர்த்து வைத்திருந்தார். வரிகளில் ஒன்று 'தரி'க்கு உரியது. கன்னடத்தில் தரி என்றால் நஞ்சை நிலம். ஆகவே அது நெல் விளைந்த ஊர், அங்கிருந்தவர்கள் உழவர்கள் என்று முடிவாகியிருந்தது. ஆனால் எங்களுக்கு ஒரு வாய்க்கால் தடம்கூடத் தட்டுப்படவில்லை. கிடைத்ததெல்லாம் சுட்ட மண்ணில் செய்து நடுவில் துளையிட்ட சின்னச் சின்ன வில்லைகள். நூல் நூற்கும் தக்களியில் செருகுகிறவை. நெல் ஊரில் இவ்வளவு நூல் எதற்கு? நெசவாளர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நான் அடம்பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஒரு காலையில் கல்லைக் கழுவி, சுண்ணப்பொடி தேய்த்து, முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து ற இன்றைய ற போல இருக்காது. ஆனாலும் ரகரத்தோடு குழம்பாது. கல்லில் இருந்தது தரி அல்ல, தறி. நெசவுத் தறி. தமிழ் எழுத்தைக் கன்னடத்துக்கு மாற்றியபோது ற காணாமல் போயிருக்கிறது, கூடவே ஓர் ஊரின் தொழிலும் போயிருக்கிறது. பேராசிரியரிடம் ஓடினேன்.

அவர் நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "ஏனம்மா, கல்லு தேஞ்சிருக்கு. நீ தமிழ் பொண்ணு, தறின்னு படிக்கிறே. நாளைக்கு இன்னொருத்தர் வேறே படிப்பார்."

"சார், நஞ்சையைத் தரின்னு சொல்றது பாரசீகத்துல இருந்து வந்த சொல்லு. ரெவின்யூ ஆபீஸ்ல புழங்குறது. அது எப்படி சார் சோழன் கல்லுல ஏறும்?"

அவர் முகம் சுருங்கியது. அகழாய்வு வரைபடத்தை விரித்துக்கொண்டு சொன்னார்: "இந்த சீசன்ல இன்னும் ஒரே ஒரு குழி போடலாம். கீழே பள்ளத்துல போட இருந்தேன், உனக்குத் தர்றேன். தறி கிடைக்கலேன்னா நெசவை விட்டுட்டு நெல் சாகுபடியை எடுத்துக்கணும். ஆய்த்தா?"

சரி என்று ஒத்துக்கொண்டேன்.

தறி மரத்தால் ஆனது, எப்போதோ மட்கியிருக்கும். ஆனால் குழித்தறியில் நெய்கிறவர் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்க ஒரு பள்ளம் வேண்டும். பள்ளம் எங்கே போய்விடும்? கல்வெட்டுக்குப் பின்னால், மேட்டின் உச்சியில் இடத்தைக் காட்டினேன். மேல்மண்ணை எடுத்ததும் இறுகிய தரை வந்தது. அதற்கப்புறம் வெறும் தரைதான். பேராசிரியர் நெல் சாகுபடி பற்றிய புத்தகங்களை எனக்குச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஒரு மதியம், கெட்டித் தரையின் நடுவே என் கரண்டி மெத்தென்று இறங்கியது. சுரண்டச் சுரண்ட நீள்சதுரமாக ஒரு பள்ளம் வடிவெடுத்தது.

"தானியக் குழி," என்றார் பேராசிரியர்.

"இவ்வளவு மூலையோடவா சார்?" என்றேன்.

நான்கு பக்கமும் கம்பு நட்ட துளைகள் தெரிந்தன. அடியில் உடைந்த தக்களி வில்லை ஒன்று கிடந்தது. பள்ளத்தின் ஒரு விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. படம் எடுத்து அளந்து முடித்ததும் பேராசிரியர் செருப்பைக் கழற்றினார். அந்த விளிம்பில் சாக்கு விரித்து உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டார். கால்கள் சரியாகப் பள்ளத்தின் அடியைத் தொட்டன. அவருடைய கைகள் தாமாகவே முன்னால் நீண்டு, இல்லாத நூலைத் தேடின.

"தறிதான்," என்றார். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடியே விட்டேன். கூட நின்ற கூலியாட்கள் கைதட்டினார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த இருக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் சாம்பலோடு ஓர் அடுப்பு வந்தது. குழியை விரித்தபோது பக்கத்துக் கட்டடத்தில் வரிசையாகத் தறிப்பள்ளங்கள் வந்தன, ஆனால் அங்கே அடுப்பே இல்லை. அது கூலிக்கு நெய்த இடமாக இருக்கலாம். இதுவோ வீடு. பானையில் ஒரு கண்ணும் தறியில் விரித்த பாவு நூலில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தவள் ஒரு பெண் என்றுதான் எனக்குத் தோன்றியது. நிரூபிக்க முடியாது. ஆனாலும் தோன்றியது. அரசனின் கல் தறியை மட்டும்தான் எழுதிவைத்தது. அவளைக் காட்டியது மண்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் மைசூரில் துறைக் கருத்தரங்கம் நடந்தது. அதில் நான் கட்டுரை படிக்க வேண்டும். கடைசி வரிசையில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மா. என்னை அறிமுகப்படுத்த எழுந்த பேராசிரியர், கல்வெட்டைத் தான் முன்பு படித்தது தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுதுகிறேன் என்று கரும்பலகைக்குத் திரும்பினார். 'த' நன்றாக வந்தது. அடுத்த எழுத்தை மேலே வளைத்தவர் கீழே இழுக்காமல் நிறுத்திவிட்டார்.

"வால் எங்கே, சார்?" என்றேன்.

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே சாக்பீஸை மறுபடி வைத்து, பலகையின் அடிச்சட்டம் வரை வாலை இழுத்தார். கடைசி வரிசையில் அம்மா, சிலேட்டைத் திருத்தி முடித்தவள் மாதிரி, சரி என்று தலையாட்டினாள்.