உப்புத் தொட்டியில் மிதந்த உருளைக்கிழங்கு

குளிர் என்ற ஒன்றை இந்தப் பூமியில் கண்டுபிடித்ததே மேலகரம் யோகலட்சுமிதான். அதற்கு முன்னால் இமயமலை வெதுவெதுவென்று சும்மா நின்றுகொண்டிருந்தது. அண்டார்டிகாவில் பென்குயின்கள் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தன. யோகலட்சுமி ஒருநாள் தன் ஐஸ் கம்பெனிக் கதவைச் சாத்த மறந்துபோனாள். அன்றைக்குத்தான் ரெண்டு துருவமும் உறைந்தது. சீசனில் குற்றாலத்துக்கு வரும் குளிர்காற்று மலையிலிருந்து இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நம்ப வேண்டாம். அது அவள் ஷெட்டின் பின்ஜன்னல் வழியாக வருவது.

இவ்வளவு பெரிய ஆளுக்குக் கம்பெனி என்று இருப்பது, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்து சந்து ஒன்றுக்குள், சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே ஒரு ஷெட். உள்ளே ஒரு கம்ப்ரஸர், கட்டில் அளவுக்கு ஒரு இரும்புத் தொட்டி, ஒரு மேசை, நஸீபா. நஸீபா மெஷின் இல்லை, கூட வேலை பார்க்கிற பெண். நிமிஷத்துக்கு நாற்பது குச்சி சொருகுவாள் என்பதால் மெஷின் வரிசையில் வந்துவிட்டாள். யோகலட்சுமியின் வீட்டுக்காரர் சிவசைலம் பட்டாளத்தில், லடாக்கில் இருக்கிறார். போன் பண்ணும்போதெல்லாம், இங்கே ஐஸ் ஓசியில் கிடக்கிறது, நீ அங்கே கரண்டுக்கு அழுகிறாயே என்பார். அந்த ஐஸில் சேமியா இருக்கிறதா என்று கேட்டு இவள் போனை வைப்பாள்.

குச்சி ஐஸ் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. தொட்டி நிறைய இருப்பது உப்புத்தண்ணீர். அதற்குள் காயில் என்கிற குளிர்ச் செம்புக்குழாய் வளைந்து வளைந்து ஓடும். சர்பத் ஊற்றிய அச்சுகளை அந்தத் தண்ணீரில் இறக்கினால் முக்கால் மணி நேரத்தில் ஐஸ். உப்புத்தண்ணீர் எதற்கு, நல்ல தண்ணீர் போதாதா என்று வேலைக்கு வந்த முதல்நாளே நஸீபா கேட்டாள். யோகலட்சுமி பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவள். பாஸா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். அன்றைக்கு அவள் சொன்னது நஸீபாவுக்கு இன்றும் மனப்பாடம்.

“தண்ணிக்குள்ள இருக்கது எல்லாம் குட்டிக் குட்டி ஆளுங்கன்னு வச்சுக்கோ. குளிர் வந்தா எல்லாரும் கைகோத்து வரிசையா உக்காந்துருவாங்க, அதான் ஐஸ். உப்பு இருக்குல்லா, அது கல்யாண வீட்டுக்கு வந்த வாயாடி மாதிரி. ஆளுக்கு அஞ்சாறு பேரைத் தன் பக்கம் இழுத்துவச்சுப் பேசிட்டே இருக்கும். அவங்களை உக்கார விடாது. அதனால பூஜ்யத்துக்குப் பதினஞ்சு டிகிரி கீழ போனாலும் தொட்டித் தண்ணி தண்ணியாவே இருக்கும்.”

அந்த வாயாடி தொட்டிக்குள் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு கருவி உண்டு: உருளைக்கிழங்கு. வெள்ளிக்கிழமை காலையில் மற்ற கம்பெனிகளில் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவுவார்கள். இவள் தொட்டியில் ஒரு உருளைக்கிழங்கைப் போடுவாள். மிதந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தலை வெளியே தெரிந்தால் உப்பு சரி. பிறகு அந்தக் கிழங்கே மத்தியானப் பொரியல். அதற்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை என்று நஸீபா குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள்.

இந்த ஆனி மாதம் மூன்று வெள்ளிக்கிழமை அந்தப் பூஜை நடக்கவில்லை. காரணம் ஒரு கல்யாணம். தென்காசியில் அபி என்கிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. கப் ஐஸ்கிரீம் வேண்டாம், சின்ன வயசில் சட்டையெல்லாம் வடியவிட்டுச் சப்பிய குச்சி ஐஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். திராட்சை, பால், சேமியா, எல்லாம் சேர்த்து எண்ணூறு. யோகலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. சர்பத் ருசி பார்ப்பதும், குச்சி வாங்குவதும், தெர்மாகோல் பெட்டிக்கு அலைவதுமாக மூன்று வாரம் ஓடியது, அச்சு இறக்கவே நேரமில்லை. தொட்டிச் சுவரில் தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். போகிறபோக்கில் அதைப் பார்ப்பாள். தண்ணீர் கோட்டில் இருந்தது. சரி என்று போய்விடுவாள்.

இந்த எண்ணூறு ஐஸில்தான் கம்பெனியின் உயிரே இருந்தது. ஷெட்டில் பாதி அவள் கொழுந்தன் விஜயசங்கருக்குப் பங்கு. குற்றாலம் வருகிற கார்காரர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ரோட்டில் திண்டாடுகிறார்கள், தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிழலான பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்று ரெண்டு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியில் ரெண்டு பேரும் சிவசைலத்தைப் போனில் சாட்சி வைத்துப் பேசி முடித்தார்கள். கல்யாண ஆர்டர் நல்லபடியாகப் போனால் கம்பெனி இருக்கும். சொதப்பினால் திங்கட்கிழமையிலிருந்து பார்க்கிங்.

சனிக்கிழமை காலை முதல் அச்சை இறக்கினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் தூக்கினால் குச்சி மட்டும் கையோடு வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டார்கள். ஐஸ் வந்தது, ஆனால் அதை ஐஸ் என்று சொல்ல நஸீபாவுக்கே மனசு வரவில்லை. மெதுவாக உறைந்ததால் வெளியே ஊசி ஊசியாக வெள்ளை, திராட்சைச் சாயமும் இனிப்பும் நடுவில் ஒதுங்கி நீலக் கோடாக நின்றது. கடித்தால் முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் மருந்து.

மெக்கானிக் வீரபாகு அண்ணாச்சி வந்தார். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டார். காயிலைச் சுற்றிக் கை தண்டிக்கு வெள்ளைப் பாறை கட்டியிருப்பதைப் பார்த்தார். கேஸ் லீக், திருநெல்வேலியிலிருந்து ஆள் வரணும், திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறினார்.

அதே நேரம் விஜயசங்கர் உள்ளே வந்தான். அவன் கையில் அளக்கிற டேப் இருந்தது. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் நீட்டிப் பார்த்தான். இன்னோவா ரெண்டு தாராளமாக நிற்கும் என்று பொதுவாகச் சொன்னான்.

யோகலட்சுமி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். அழுகிறாளோ என்று நஸீபா பக்கத்தில் வந்தாள். அழவில்லை. அவள் பிடரியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. துடைத்தாள். மறுபடியும் சொட்டு. அண்ணாந்து பார்த்தாள். தொட்டிக்கு நேர்மேலே, ஷீட்டில், ஒரு கைப்பிடி அளவுக்கு ஓட்டை. கூரைச் சரிவில் ஓடிவருகிற சாரல் தண்ணீரெல்லாம் அந்த ஓட்டையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஓட்டை குரங்கு போட்டது. குற்றாலத்தில் குரங்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். கனத்த குரங்காக இருக்க வேண்டும். இதற்கு மேல் அந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் விரலைத் தொட்டியில் முக்கி நாக்கில் வைத்தாள். முகம் சுளிக்க வேண்டும். சுளிக்கவில்லை. ரசத்துக்குப் போடுகிற உப்புதான் இருந்தது. வெளியே ஓடினாள். தொட்டி நிறைந்தால் வழிய, சிவப்புக் கோட்டின் உயரத்திலேயே சுவர் வழியாக ஒரு குழாய் விட்டிருக்கும். அதன் வாய்க்குக் கீழே ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகிக் கிடந்தது. சாரல் காலத்தில், ஊரே பச்சையாக இருக்கும்போது.

“நஸீபா, ஒரு உருளைக்கிழங்கு கொண்டா.”

கிழங்கைப் போட்டாள். டபக்கென்று போய் அடியில் உட்கார்ந்துகொண்டது.

“கேஸ் எங்கயும் போகல அண்ணாச்சி” என்றாள். “உப்புதான் போயிருக்கு. மேல ஒரு வாளி மழை விழுந்தா, கீழ ஒரு வாளி உப்புத்தண்ணி வழிஞ்சு போகுது. கோடு மட்டும் நான் அசையலேன்னு நிக்குது. நான் கோட்டைப் பாத்தே ஏமாந்திருக்கேன். உப்பு கம்மியானதும் தொட்டித் தண்ணியே காயில்ல உறைஞ்சு போச்சு. அது கம்பளி போத்துன மாதிரி, குளிரை வெளிய விட மாட்டேங்குது.”

வீரபாகு துண்டை மறுபடி தோளில் போட்டார். எங்கிருந்தோ ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைத் தேடியெடுத்து, ஏணி போட்டு ஓட்டையை மூடினார். நஸீபா வழிகிற குழாயில் துணியை அடைத்தாள். யோகலட்சுமி லோடு ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போய் மூன்று மூட்டை கல்லுப்போடு வந்தாள். விஜயசங்கர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“குளிரலன்னா உப்பு போடுதீங்க. ஐஸ் கம்பெனியா, கருவாட்டுக் கம்பெனியா மைனி?”

“நீ ஓரமா நின்னு இன்னோவாவ எண்ணு.”

கல்லுப்பை அப்படியே கொட்டினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரையே டிரம்மில் மொண்டு, உப்பை இடித்துப் போட்டுக் கலக்கினார்கள். கல் பெரிதாக இருந்தால் தண்ணீரால் வெளிப்பக்கத்தை மட்டும்தான் நக்க முடியும், பொடித்தால் எல்லாப் பக்கமும் நக்கும் என்று இடிக்கும்போதே யோகலட்சுமி சொன்னாள். மூன்று பேர் கையும் வெடித்து எரிந்தது. முதல் டிரம்மைக் காயில் பக்கம் ஊற்றினதும் சடசடவென்று சத்தம். பாறையில் விரிசல் ஓடியது. ரெண்டாவது டிரம்முக்கு ஒரு துண்டு உடைந்து மிதந்தது. அப்புறம் ஓடு உரிவதுபோல ஒவ்வொன்றாகக் கழன்று, செம்புக் காயில் பளபளவென்று தெரிந்தது. வீரபாகு தன்னை மறந்து கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது மூட்டையும் தீர்ந்தது. நாலு பேரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடியில் கிடந்த உருளைக்கிழங்கு ஒருதரம் புரண்டது. மெல்ல எழும்பியது. பாதி உயரத்தில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

கழன்ற பாறை கரைந்து அதுவும் தண்ணீராகிவிட்டது, இன்னும் உப்பு வேண்டும் என்றாள் யோகலட்சுமி. குரல் இறங்கிவிட்டது. மணி நாலாகப் போகிறது. ஆட்டோவை அனுப்பியாயிற்று. விஜயசங்கர் கொஞ்ச நேரம் அந்தக் கிழங்கையே பார்த்தான். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிறவன் மூஞ்சி. பிறகு விருட்டென்று பைக்கை எடுத்துக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோவுக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே அஞ்சு மூட்டை.

“பாதியில தொங்குத கிழங்கைப் பாக்க சகிக்கல” என்றான். சட்டையைக் கழற்றி டேப்பின் மேல் போட்டுவிட்டு உலக்கையை எடுத்தான்.

ஏழாவது மூட்டையில் கிழங்கு மேலே வந்து முட்டியது. எட்டாவதில், ஒரு ரூபாய் அளவுக்குத் தலையைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஆடியது. நஸீபா யோகலட்சுமியைக் கட்டிப்பிடித்தாள். ரெண்டு பேர் மேலும் உப்பு.

ஞாயிறு காலை நாலு தடவை அச்சு இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது, நுனிவரைக்கும் ஒரே நிறம். சாயங்காலம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பட்டுச்சேலைக்கு மேல் சால்வை போர்த்தியவர்கள் நடுங்கிக்கொண்டே வரிசையில் நின்று ஐஸ் வாங்கினார்கள். கல்யாண ஆல்பம் முழுக்க அபியின் நாக்கு திராட்சை நிறம். பந்தி ஒப்பந்தக்காரர் ஆவணி முகூர்த்தம் மூன்றுக்கு நம்பர் வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை விஜயசங்கர் டேப்போடு மறுபடியும் வந்தான். இந்தத் தடவை கூரையை அளந்தான், புது ஷீட்டுக்கு.

இதுவரைக்கும் எழுதியதை எடுத்துக்கொண்டு, எழுதியவன் நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் யோகலட்சுமியிடம் படித்துக்காட்டப் போனான். அவள் பால் ஐஸ் ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். பென்குயினுக்குச் சிரித்தாள். லடாக் வந்ததும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். குரங்கு வந்த இடத்தில் மட்டும், அதை இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தான். இந்தத் தடவை ஐஸ் வடிவதைப் பார்த்துக்கொண்டே வேகமாகத் தாண்டினான்.

“எல்லாம் சரியா எழுதிருக்க. ஒண்ணு விட்டுப்போச்சு. அன்னைக்கு எட்டாவது மூட்டையில உருளைக்கிழங்கு மட்டும் மேல வரல.”

மேசை டிராயரைத் திறந்து, கெட்டி ரப்பர் பந்து ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மூன்று வாரம் உப்பில் கிடந்தும் மார்க்கர் எழுத்து அழியவில்லை: இசக்கிமணி, பத்தாம் வகுப்பு. எடுத்தவன் கை அழுகிப்போகும்.

“பேரும் எழுதி, சாபமும் எழுதிருக்கு பாரு. எந்தப் பள்ளிக்கூடத்துக் குரங்குலே இது?”