மாமாவின் காருக்குப் பின் ஸ்பிரிங்

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து நாங்கள் மில்லிக்கனில் குடியிருந்த காலத்தில், மாமா ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் தூசி படிந்து கிடந்த காரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். மஸில் கார் என்பார்களே, அந்த இனம். நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. ஸ்ரார்ட் செய்தால் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். ஆனால் அதன் பின்பக்கம் மட்டும், கலியாண வீட்டில் இரண்டு பந்தியிலும் இருந்து சாப்பிட்டவரைப்போலத் தரையோடு தாழ்ந்து கிடந்தது.

"வேலியிலை கிடந்த ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்ட கதைதான் உது," என்றார் அப்பா.

"உங்கடை ஜப்பான் கார் பிஸ்கற் தகரம் அத்தான். இது இரும்பு," என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ற் வேலை செய்தார். மாமியும் இரண்டு பெண்பிள்ளைகளும் சண்டைக்கும் சாமான் தடைக்கும் நடுவில் வன்னியில் இருந்தார்கள். மூத்த மச்சாளுக்கு என் வயதுதான், எட்டு. இளையவள் பிறக்குமுன்னரே மாமா புறப்பட்டுவிட்டபடியால் அவளைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தார். ஸ்பொன்சர் போட்டு, விசா இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வீடே காத்திருந்தது. வந்திறங்கும்போது அவர்களைத் தன்னுடைய காரில்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஊரில் வாடகைக் கார் ஓடிய மனிதர். சொந்தப் பெண்சாதி பிள்ளைகளை இன்னொருவரின் வான் வண்டியில் ஏற்றிவர அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்கு முதலில் காரின் பின்பக்கம் எழும்ப வேண்டும். பழைய ஸ்பிரிங் களைத்துப்போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். ரெக்ஸ்டேலில் ஸ்பிரிங் விற்கும் இடம் ஒன்று இருந்தது. மாமாவின் ஆங்கிலம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும் என்பதால் மொழிபெயர்ப்பாளராக நான் போனேன். எட்டு வயதில் எனக்கு அந்த உத்தியோகம் நன்றாகப் பிடித்திருந்தது. வங்கி, பல் வைத்தியர், தொலைபேசிக் கொம்பனி என்று எங்கே போனாலும் பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் தலைக்கனம் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று என் கணவர் சொல்கிறார்.

கடைக்காரர் இத்தாலியக் கிழவர். இரண்டு சோடி ஸ்பிரிங்குகளை மேசையில் தூக்கிவைத்தார். வில்லைப்போல வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவிலே ஆணி போட்டு இறுக்கியிருந்தன. ஒன்றில் நாலு பட்டை, மற்றதில் ஆறு. நாலு பட்டை மெத்தென்று போகும், கார் பிறந்தபோது நின்ற உயரத்தில் நிற்கும். ஆறு பட்டை பாரம் தாங்கும், ஆனால் வெறும் காராக ஓடினால் பின்பக்கம் ஆகாயத்தைப் பார்க்கும், ரோட்டிலுள்ள பள்ளமெல்லாம் முதுகெலும்பில் தெரியும். இவ்வளவையும் நான் தமிழாக்கிய பிறகு கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பின்னுக்கு வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்கள்?

"மூண்டு பேர் எண்டு சொல்லு," என்றார் மாமா.

"ஒருத்தரும் இல்லையே மாமா."

"நீ சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவர்களுடைய நிறை என்ன என்று கிழவர் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

உண்மையில் இதற்கெல்லாம் நிறை கேட்க வேண்டிய தேவையே இல்லை. இந்த நாட்டில் அப்படிப்பட்ட காரை ஆட்களை ஏற்றி இறக்கவா வாங்குகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மினுக்கி எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடிவைப்பார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் கார் என்றால் சனம் ஏற வேண்டும். ஊரில் கலியாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் வாடகைக் காரில் மடியில் ஒன்று, மடிக்கு மடி ஒன்று என்று அடைவார்களாம். அதற்காகவே ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டிப் போடுவார்களாம். மாமாவின் தலைக்குள் இருந்த கார் அதுதான்.

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. அம்மாவையும் அண்ணாவையும் என்னையும் பின் சீற்றில் ஏற்றிவிட்டு, மாமா வெளியே குந்தியிருந்து சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை விரலால் அளந்தார். அம்மா மாமியாம், நான் மூத்தவளாம், அண்ணா சின்னவளாம். பன்னிரண்டு வயது அண்ணா மூன்று வயதுப் பிள்ளையாகவே மாறி விரல் சூப்பிக் காட்டினான்.

"தம்பி, என்ரை நிறையை மட்டும் ஆரிட்டையும் சொல்லிப்போடாதை," என்று மாமாவிடம் சொன்னார் அம்மா.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் காணும் இவ்வளவு கரைச்சல்? நாலு பட்டையைப் போடும். பின்னுக்கு ஆர் ஏறப்போகினம், நீர் ஒருத்தர்தானே ஓடித் திரியிறீர்," என்றார்.

மாமா தலை நிமிரவில்லை. அம்மா காருக்குள் இருந்தபடி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கோப்பையோடு உள்ளே போய்விட்டார். விளையாட்டு அத்தோடு முடிந்துவிட்டதே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மறுநாள் காலை மாமா தொலைபேசி அட்டையைச் சுரண்டி மாமிக்கு எடுத்தார். குறித்த நேரத்துக்கு மாமி அங்கே ஒரு ரெலிபோன் கடைக்கு வந்து காத்திருப்பார். லைன் இரைச்சலுக்குப் பழகியதால் மாமி அங்கே சொல்வதையெல்லாம் மாமா இங்கே திருப்பிச் சொல்லுவார். அதனால் படியில் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"எல்லாருக்கும் என்ன நிறை? இல்லையப்பா, கார் ஒண்டு எடுத்தனான், அதுக்குத்தான். கிளினிக்கிலை நிறை பாத்தவை தானே? நீர் எவ்வளவு? முப்பத்தெட்டோ? சின்னவள்? ஒன்பதோ? பெரியவள்? எவ்வளவு? பதினேழோ?" மாமா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "திரும்பச் சொல்லும், லைன் சரியில்லை. பதினேழோ?"

லைன் நன்றாகத்தான் இருந்தது, மற்றதெல்லாம் ஒரே தடவையில் கேட்டிருந்தது. அதற்குப் பிறகு மாமா ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். பிறகு வைத்துவிட்டுக் கையில் அட்டையோடு அப்படியே இருந்தார்.

எனக்கு மனக்கணக்கு நன்றாக வரும். டொக்டர் அந்த மாதம்தான் என் நிறையைப் பார்த்து, முப்பத்திரண்டு கிலோ, இனிப்பைக் குறைக்கட்டும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். வகுப்பிலும் என்னைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள். என் வயதுக்காரி ஒருத்தி பதினேழு கிலோ என்றதும் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அது நல்ல செய்தியல்லவா?

"அப்ப நாலு பட்டையே காணும் மாமா, ஆறு தேவையில்லை. அவை சரியான லைற்தானே," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். என் தலையில் கை வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ரெக்ஸ்டேலுக்குப் போய் ஆறு பட்டையை வாங்கினார். வேண்டாம் என்று கிழவர் தடுத்தார், நானும் வேண்டாம் என்றேன். அந்த நிறைக்கு இது அளவுக்கு மிஞ்சிப்போச்சு என்று கிழவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். "வந்தாப் பிறகு சாப்பிடுவினம் தானே," என்றார் மாமா. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது கிழவர் ஸ்பிரிங்கைக் கட்டத் தொடங்கினார்.

அதன்பிறகு ஒரு வருடம் அந்தக் கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. பிளாசாவில் நிற்கும் தமிழ்ப் பொடியள், "அங்கிள், ரேஸுக்கோ?" என்று கேட்பார்கள். அம்மா ஒருமுறை அதில் கோயிலுக்குப் போய்விட்டு, இனி முருகன் நேரில் வந்து கூப்பிட்டாலும் இதில் ஏறமாட்டேன் என்றார். எனக்கு மட்டும் அந்தக் காரின்மேல் உயிர். சனம் ஏறும் நாளில் அந்தப் பின்பக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போதும் எங்காவது எட்டு சிலிண்டர் உறுமினால் நான் திரும்பிப் பார்க்கிறேன். எவ்வளவு சந்தோசமான வருடம் அது எனக்கு.

விசா வந்தது. எயார்போர்ட்டுக்கு எங்கள் வழக்கப்படி மாமாவின் காருக்குப் பின்னால் இரண்டு வான் நிறையச் சொந்தக்காரர் போனோம். மாமி முன்னுக்கு ஏறமாட்டேன் என்றுவிட்டார். முன் சீற்றை மடித்து, பிள்ளைகளோடு பின்னுக்கே ஏறி, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு இருந்தார். மூத்த மச்சாள் என் பழைய குளிர்ச் சட்டைக்குள் முகம் மட்டும் தெரிய இருந்தாள்.

நான் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கார் இறங்கவே இல்லை. மூன்று பேரும் ஏறியும் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"மாமா, ஒருத்தரும் ஏறாத மாதிரியே நிக்குது," என்று கத்தினேன்.

மாமா சுற்றிவந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். சில்லுக்கு மேலிருந்த இடைவெளிக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல், நெற்றியை மட்கார்ட்டில் வைத்தபடி வெகுநேரம் இருந்தார். எப்போதும் பகிடி சொல்லும் அப்பா வந்து, காருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாதபடி கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றார். பிழையான ஸ்பிரிங்கை வாங்கிவிட்டேனே என்றுதான் மாமா அழுகிறார் என்று நான் நினைத்தேன்.