குழந்தையின் கம்பளிக் குல்லா

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை என் மனைவிக்குச் சேலத்தில் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இருபது வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் பாடுகிறவள் அவள். கேட்டுவிட்டு ஈஸ்டர் பாட்டைப் பழகப் போய்விட்டாள். நான்தான் பதறிப்போய், இருக்கும் குரலைப் பதிந்துவைக்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரெக்கார்டரை வாங்கிவந்தேன்.

ஏற்காட்டில் எங்களுக்கு ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்தில்தான். கூரை கிடையாது. வீட்டுக்குள் பத்துத் தடவை பழகிப் பார்த்த மகா புத்திசாலியான நான், மைக்குக்குப் போடும் பஞ்சு உறையை மேசைமேலேயே விட்டுவிட்டேன். பதிவை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டினால், காதுக்குள் தகரம் அடிப்பதுபோலக் காற்று. அவள் தனியாகப் பாடவேண்டிய பாட்டுக்கு இரண்டே நிமிடம் இருந்தது.

நான் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் காப்பி எஸ்டேட்டில் வேலைசெய்யும் பெண் ஒருவர், கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கும்பிடும் சாமி வேறு. என் மனைவியின் பாட்டுக்காக வருஷம் தவறாமல் வருவார். நான் திண்டாடுவதைப் பார்த்தவர், குழந்தையின் கம்பளிக் குல்லாவைக் கழற்றி ரெக்கார்டரின் தலையில் மாட்டினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதையெல்லாம் தொடாதே என்று பிடுங்கினேன்.

"காத்து அடிக்குதுங்க, இருக்கட்டுமுங்க. பாப்பாவுக்கு நான் முந்தானையப் போத்திக்கிறேனுங்க" என்று மறுபடி மாட்டினார்.

இரைச்சல் அடங்கிவிட்டது. என் மனைவி பாட ஆரம்பித்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கே ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். ஆனால் குரல் இறங்கிவிட்டது, மேலே எட்டவில்லை. மூன்று மாதம் ரெக்கார்டரை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஒரு ஞாயிறு மதியம் அவளே தேடி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

முதலில் என் சிடுசிடுப்பு கேட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் 'இருக்கட்டுமுங்க'. பிறகு பாட்டு, பிசிறே இல்லாமல். இரண்டாவது சரணத்தில் என் மனைவி வாய் திறந்தாள். பழைய குரல் மேலே போக, இப்போதைய குரல் அதற்கு இரண்டாம் குரலாகக் கீழே சேர்ந்து பாடியது. நான் அழுதேன். மறைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும், குல்லாவைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே இருவரும் தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயனுக்கு, அவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்று, மூன்று மாதம் தாமதமாக, நன்றி சொன்னேன். அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். குல்லாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"அடுத்த ஈஸ்டருக்கும் காத்தடிக்குமுங்க" என்றார்.