ரூபி மேடமும் இரண்டு பழ அறைகளும்

கூடலூரில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு நின்றபோது போடியிலிருந்து ரூபி மேடத்தின் தம்பி சாமுவேல் போனில் பேசினார். "அண்ணே, அக்கா காலையில தவறிட்டாக. வாங்க." அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. ஜீப்பை எடுத்த நான் கம்பம் தாண்டும்வரை ஹேண்ட் பிரேக்கை விடாமலே ஓட்டியிருக்கிறேன்.

ரூபி மேடம் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானதும் ஊர் திரும்பி, தம்பியின் கடை மாடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறையும் அது என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் டிரைவராகத்தான் போனேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் மருந்து தெளிப்பவர், லாரிக்காரர், குளிர் அறைக்காரர் என்று பலரும் தங்கள் சேவையை இணையத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு சொல். தேடுகிறவரின் சொல்லும் கொடுக்கிறவரின் சொல்லும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் கண்ணில் மற்றவர் படமாட்டார். சொல்லை விட்டுப் பொருளைப் பார்த்து இருவரையும் சேர்த்துவைக்கும் ஒரு புரோகிராமை மேடம் எழுதிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு சேவைக்கும் படிவம் நிரப்பி வருவது என் வேலையானது.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஆன்டாலஜிப்பா, எது எந்த இனம், எதுக்கு எது சொந்தம்னு வகுத்து வைக்கிற படிப்பு. நான் நாலு வருசமா மண்டையப் போட்டு உடைக்கிறத நீ ஜீப்புல சுத்திக்கிட்டே பாக்குற" என்றாள். அதன்பிறகு ஒரு வாரம் என் நடையே மாறிவிட்டதாக மனைவி சொல்கிறார்.

அந்த நடைக்குப் பலன் உடனே கிடைத்தது. சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் பழுக்கவைக்கும் அறைகள் உண்டு. கம்பம் பக்கம் திராட்சைக்குக் குளிர் அறைகள் உண்டு. இரண்டும் அடைத்த அறை, இரண்டிலும் பழம், இரண்டிலும் மிஷின். எதற்கு வீணாகத் தனித்தனிப் படிவம் என்று எல்லாவற்றையும் ஒரே இனமாகப் பதிந்துவிட்டேன். மறுவாரம் கூடலூரில் திராட்சை போடும் பெருமாள் அண்ணன் போனில் கத்தினார்.

"ஏலே, பழம் கெடாம இருக்க எடம் கேட்டா எங்கன அனுப்பி வச்சிருக்க? இங்கன பூராம் வாழத்தாரு தொங்குது! என் திராட்சையையும் சேத்துப் பழுக்க வைக்கவா?"

நல்லவேளை, இறக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டார். வேறு அறை பிடித்துக் கொடுத்தோம். மேடம் திட்டவில்லை. மறுநாள் என் ஜீப்பில் ஏறி இரண்டு அறைகளையும் நேரில் பார்த்தார். "இதுல காயாப் போயி பழமா வருது. அதுல பழமாப் போயி பழமாவே வருது. எப்படி இருக்குன்னு பாக்காதீங்கண்ணே. உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு கேளுங்க" என்றார். எனக்கு இத்தனை வயதில் ஒரே தடவையில் புரிந்த பாடம் அது ஒன்றுதான்.

பட்டியல் நீண்டதும் வேறு வில்லங்கம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் புரோகிராம் அத்தனை சேவைகளையும் முதலிலிருந்து படித்ததால் பதில் வர வெகுநேரம் ஆனது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் மேடத்துக்கே போன் போட்டார்கள். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி, ஊசி குத்திய கையை அசைக்காமல் மறு கையால் எடுத்துப் பதில் சொல்வார்.

"அதான் நல்லா நடக்குதே மேடம்" என்றேன் ஒருநாள்.

அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "நான் படுத்துட்டா கேக்குறவுக எங்க போவாக? நான் சொல்லிக் கெடச்சா அது நான் செஞ்ச உதவி. அதுவாத் தேடிக் குடுக்கணும்ணே. அதுக்குத்தான் இத்தன பாடு."

பிறகு மாதக்கணக்கில் அந்தக் கட்டிலிலேயே மடிக்கணினியோடு கிடந்தார். எல்லாவற்றையும் படிக்காமல், உள்ளே போகும் பொருளை வைத்து முதலில் இனம் பிரித்து, அந்த இனத்துக்குள் மட்டும் தேடும்படி மாற்றினார். சேவை தருபவர்கள் தாங்களே சொந்தப் பேச்சில் பதியவும் வழி செய்தார்.

"அப்ப எனக்கு வேல போச்சா மேடம்?"

"போகணும்ணே. ஒங்களுக்கும் எனக்கும் வேல இல்லாமப் போனாத்தான் நாம ஜெயிச்சோம்னு அர்த்தம்."

ஜெயித்தோமா என்று பார்க்க அவருக்கு நாள் போதவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதும் என் மனதில் ஓடியது அந்தக் கேள்விதான்.

நான்காம் நாள் மாடியில் சாமுவேல் தம்பி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். பொட்டிப்புரத்திலிருந்து ஒரு அம்மா, "கடலக்காட்டுல மழத்தண்ணி நிக்கிது, எடுக்கணும்" என்று கேட்டிருந்தார். மார்க்கையன்கோட்டையில் ஒருவர், "கெணறு தூர்வார தண்ணி எறச்சுத் தருவோம்" என்று பதிந்திருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. இரண்டிலும் பொதுவாக இருந்தது தண்ணீர் என்ற சொல் மட்டுமே. தண்ணீர் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில், நிற்கிற தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதுதான் வேலை என்று கண்டு, இந்த இருவரைத்தான் புரோகிராம் சேர்த்து வைத்திருந்தது.

மனம் கேட்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு பொட்டிப்புரம் போனேன். காட்டில் மார்க்கையன்கோட்டைக்காரர் நிற்க, அவர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற அந்த அம்மாவிடம், "இவர யாரு சொன்னாக?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. போன்ல கேட்டேன், வந்தாக. நீங்க யாரு?"

சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

மேடம், உங்கள் பெயரைக் கேள்விப்பட்டே இராத ஒருவரின் காட்டில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கடலைச் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தெரிய ஆரம்பித்தன. நிம்மதியாகப் போய் வாருங்கள்.