முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சாவு

மலேசியாவிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்த புதிதில் என்னை யாராவது திட்டினால்கூட எனக்குத் தெரியாது. பேருந்தில் படியை மறித்து நின்றால் கண்டக்டர், "ஏனுங்கம்மணி, கொஞ்சம் உள்ள போனீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்பார். நான் சிரித்துவிட்டு அங்கேயே நிற்பேன். ஈப்போவில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? நம் பாசாரில் மீன்காரர் "வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நகரு" என்பார். அதோடு விஷயம் முடிந்தது. இங்கே ஒரு ரவிக்கைக்காகத் தையற்காரரிடம் மூன்று வாரம் நடந்தேன். முடியாது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. "பாக்கலாமுங்க, உங்களுக்கு இல்லாததா" என்று ஒவ்வொரு முறையும் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். முகத்துக்கு நேரே மறுப்பது இவர்களுக்குக் கைவராத காரியம் என்று என் கணவர் சொல்லித்தான் புரிந்தது.

அவர் சிங்காநல்லூர்க்காரர். ஈப்போவுக்கு வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன் ஊர் திரும்பினார். பார்ப்பவர்கள் எல்லாம், "தாய்நாட்டுக்கே வந்துட்டீங்க, இனி என்னங்க கவலை" என்றார்கள். என் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினான் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பிறந்த ஊர் அங்கே இருக்கிறது, நான் மட்டும் இங்கே இருக்கிறேன், இதில் திரும்பி வந்தது எங்கே? இரண்டு வருடம் ஒரு சிநேகிதி இல்லை. மத்தியானத்தில் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா?

அப்போதுதான் கருணாம்பிகை அக்கா கிடைத்தார். கணவரோடு சேர்ந்து பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறவர். அந்தப் பட்டறை மாடியில் ஞாயிறு நான்கு மணிக்குப் புத்தகம் பேசுவோம். சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணன், ஓய்வுபெற்ற தெரசா டீச்சர், அக்கா, நான். நான்கே பேர். வார்னிஷ் வாசனையும் முறுக்குத் தட்டுமாக அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

சென்ற வருடம் அக்கா ஒரு பெரிய நாவலைத் தேர்ந்தெடுத்தார். பனி பெய்யும் தேசத்தின் பழைய நாவல், தமிழில் எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். உலக இலக்கியத்தில் அதைத் தாண்டாமல் சாகக்கூடாதாம். வாரம் நாற்பது பக்கம் என்று பேச்சு. அப்பப்பா! ஒருவனுக்கு மூன்று பெயர். அம்மா ஒன்று கூப்பிடுவாள், ஊர் ஒன்று கூப்பிடும், கோபம் வந்தால் இன்னொன்று. ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் ஆரம்பித்தால் காலில்தான் முடியும். நான் பெயர்களை எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவைத்துப் படித்தேன். ஞாயிறன்று, "படிச்சாச்சுங்களா?" என்று அக்கா கேட்டால், "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று இருவரும் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும்தான் முட்டுகிறது, நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளித் தமிழ் போதவில்லை என்று குமைந்தேன். பேச்சு எப்போதும் முதல் அத்தியாயத்து விருந்தையே சுற்றிவந்ததைக் கவனிக்க எனக்குப் புத்தி இல்லை.

எட்டாவது வாரம், முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், குதிரை வைத்தியம் பார்க்கும் இளைஞன் காய்ச்சலில் செத்துப்போனான். நான் விழுந்து விழுந்து அழுதேன். அன்று குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இந்தத் துக்கத்தைப் பேச நான்கு நாள் காத்திருந்து போனால், வேலுச்சாமி அண்ணன் முறுக்கைக் கடித்தபடி சொல்கிறார்: "இந்த டாக்டருத் தம்பிக்கு அந்தப் பெரிய ஊட்டுப் பொண்ணத்தான் கட்டி வெப்பாங்க பாருங்க."

"அப்படித்தானுங்க தெரியுது" என்றார் டீச்சர்.

"நல்ல பையனுங்க. நல்லா இருப்பான்" என்றார் அக்கா.

எனக்கு ஆத்திரம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அவன் செத்தே போயிட்டான்! ஒருத்தரும் படிக்கலியா? எட்டு வாரமா எல்லாரும் பொய்யா சொன்னீங்க?" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். "அப்ப நான் வாரேனுங்க" என்று எழுந்தார். டீச்சர் குடையைத் தேடினார். அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நானும் கெட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வாட்ஸப்பில் அக்காவின் செய்தி: 'நாளைக்குக் கொஞ்சம் வேலைங்க. அப்புறம் பாக்கலாமுங்க.' தையற்காரரிடம் படித்த பாடம் எனக்கு மறக்குமா? சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஈப்போவில் அம்மாவும் பக்கத்து வீட்டு ராஜம்மா ஆண்டியும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகத் துணிக்கொடியின் இரண்டு பக்கமும் நின்று கத்துவார்கள். சாயங்காலம் ஒரே தட்டில் பலகாரம் சாப்பிடுவார்கள். கத்தினால் உறவு அறுந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருந்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை பட்டறைக்கே போனேன். அக்கா செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என் மன்னிப்பைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"அட, நீ ஏன் கண்ணு மன்னிப்புக் கேக்கற? நானே அறுபதாம் பக்கத்துல நின்னுபோட்டேன்."

"நீங்கதானே அக்கா தேர்ந்தெடுத்தீங்க?"

"அதுதான் வினை. எல்லாரும் ஆச்சுங்க ஆச்சுங்கன்னா, நான் எப்புடி நிறுத்தறது? இப்ப அவங்கள விசாரிச்சேன். அண்ணன் நாப்பதாம் பக்கமாம், டீச்சர் எம்பதாம். என்ற மனசு நோகுமுன்னு சொல்லலியாம்." தலையில் தட்டிக்கொண்டார். "உனக்கு முன்னால தல காட்ட வெக்கமா இருந்துச்சு. அதுனாலதான் வேலைன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒருவர் மனம் நோகாமலிருக்க இன்னொருவர் பொய் சொல்லி, படிக்காத புத்தகத்தை எட்டு வாரம் சுமந்திருக்கிறார்கள். அண்ணன் அதற்காகச் சூலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்!

அக்கா கம்பியைக் கீழே வைத்தார். "சரி, அந்தப் பையன் எப்புடிச் செத்தான்? வாசி, கேப்போம்" என்றார். பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, மோட்டார்களுக்கு நடுவே முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தேன். அக்கா வார்னிஷ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு முதல், முதல் பக்கத்திலிருந்து நான் வாசிக்க மூவரும் கேட்கிறார்கள். காப்பியை நான் 'கோப்பி' என்று வாசித்தால் டீச்சர் குறும்பாகச் சிரிப்பார். புரியாத இடத்தில் அண்ணன் இப்போது தைரியமாகவே, "மறுக்காப் படிங்க" என்கிறார். போன வாரம் பாதியைத் தாண்டினோம். செத்தவனின் தங்கை கல்யாணமாகித் தூரதேசத்துக்கு வண்டியேறுகிற இடம். அண்ணன் கேட்டார்: "இந்தப் புள்ள பொறந்த ஊருக்குத் திரும்பி வருமுங்களா?"

கடைசிப் பக்கம்வரை படித்தவள் நான் ஒருத்திதான். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். வரமாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போகப் போகப் பாக்கலாமுங்க" என்றேன்.

அன்று மாலை வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஈப்போவிலிருந்து அம்மா அழைத்தார். எப்போதும் கேட்கும் கேள்விதான். "இங்கயே வந்து இருக்கறது பத்தி அவருகிட்ட பேசினியா? எப்ப வர்றே?"

"பேசலாம்மா. அவருக்கும் வேலை இருக்குல்ல, பாக்கலாம். நீங்க சாப்டாச்சுங்களா?"

"என்னடி, யாரோ மாதிரி பேசறே?" என்றார் அம்மா. "வருவியா, மாட்டியா, அதச் சொல்லு."